இடுப்பில் தெரிவதும் சட்டைக்குள் மறைவதும்

அமெரிக்கா போய்த் திரும்பியவர்களிடம் நம் சங்கத்தில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. அங்கே நல்ல டிகாக்‌ஷன் காபி கிடைக்கிறதா என்பது ஒன்று. அங்கே எல்லோரும் துப்பாக்கியும் கையுமாகத் திரிகிறார்களாமே, உண்மையா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் மனைவி பதில் சொல்லிவிட்டாள். இரண்டாவது என் தலையில் விழுந்தது. காரணம், நான் இந்தக் கான்பூரில் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் பரிசோதனைப் பிரிவில். விசையை இழுக்க எத்தனை பாரம் வேண்டியிருக்கிறது என்று எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பது என் அன்றாட வேலை. ஆயிரக்கணக்கான ரிவால்வர்கள் என் கை வழியே போயிருக்கின்றன. ஒன்றைக்கூட இடுப்பில் செருகிக்கொண்டு நான் கடைத்தெருவுக்குப் போனதில்லை.

சங்கத்தில் நின்றுகொண்டே இரண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயமாக இது இல்லை. நம் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு பிள்ளையோ பெண்ணோ இருக்கிறது. ஆகவே எழுதியே கொடுக்கிறேன்.

கடை வாசலில் ஒரு பலகை

மகள் வீடு டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்தை அடுத்து இருக்கிறது. போய்ச் சேர்ந்த மறுநாள் காய்கறி வாங்கப் போனோம். கடையின் கண்ணாடிக் கதவில், ஒரு அங்குல உயர எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் நீளமாக ஒரு அறிவிப்பு. செருப்புக்குத் தடை, நாய்க்குத் தடை என்று ஏதாவது இருக்கும் என்று நினைத்துப் படித்தேன். 'கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு இந்த இடத்துக்குள் வரக்கூடாது' என்பது அதன் சாரம்.

"அப்படியானால் தெரியாமல் வைத்துக்கொண்டு வரலாமா?" என்று மகளைக் கேட்டேன்.

"வரலாம்ப்பா. அதுக்குத் தனிப் பலகை இருக்கு. அது இங்க இல்லை" என்றாள், கத்தரிக்காய் விலை சொல்வதுபோல.

அவள் சொன்னது சரிதான். அந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவர் மறைத்துக்கொண்டு வருவதைத் தடுக்க ஒரு பலகை. அதற்குச் சட்டப் பிரிவின் எண்ணை வைத்து 30.06 என்று பெயர். தெரியும்படி கொண்டுவருவதைத் தடுக்கும் பலகை 30.07. உரிமமே இல்லாமல் ஆயுதம் தாங்கி வருபவர்களைத் தடுக்கும் பலகை 30.05. வருமானத்தில் 51 சதவிகிதமோ அதற்கு மேலோ அங்கேயே அருந்தும் மதுவிலிருந்து கிடைக்கும் கடை என்றால், சிவப்பில் பெரிதாக '51%' என்று ஒரு பலகை. மகள் வீட்டருகே உள்ள கோயிலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், முதல் இரண்டு பலகைகளும் இருந்தன. அர்ச்சனைச் சீட்டு விலைப்பட்டியல் அதற்கு அப்புறம்தான்.

ஆக, அங்கே துப்பாக்கி ஏந்துவதில் இரண்டு வகை. உறையில் போட்டு இடுப்பில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வைப்பது 'ஓபன் கேரி'. சட்டைக்கோ கோட்டுக்கோ உள்ளே மறைத்து வைப்பது 'கன்சீல்டு கேரி'. எது அனுமதி, எது குற்றம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

மாப்பிள்ளை கேட்டது

இதை வேடிக்கையாகப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் மூன்றாவது வாரம் மாப்பிள்ளை ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய அலுவலக நண்பர் ஒருவரை, இரவு கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பேர் மறித்துப் பணத்தையும் கார் சாவியையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். மாப்பிள்ளைக்கும் வாரத்தில் மூன்று நாள் இரவு வேலை. கிரீன் கார்டு வந்துவிட்டது, வாங்கச் சட்டத்தில் தடையில்லை.

"மாமா, நீங்க ஆயுசு பூரா அதோட இருந்தவர். வெளியில தெரியற மாதிரி வெச்சுக்கறதா, உள்ளே வெச்சுக்கறதா, எது நல்லது?" என்றார்.

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆறு வயதுப் பேரன் தரையில் படுத்துக்கொண்டு, அப்பாவின் அலுவலகப் பையைத் துழாவிச் சூயிங்கம் தேடிக்கொண்டிருந்தான்.

"பத்து நாள் டயம் கொடுங்க, மாப்பிள்ளை. படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். துப்பாக்கி செய்யத் தெரிந்த எனக்கு, அதை அன்றாட வாழ்க்கையில் தூக்கிக்கொண்டு நடப்பதைப் பற்றி எதுவும் தெரியாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

தலைகீழான நியாயம்

நம் தலைமுறை அமெரிக்காவைப் பார்த்தது கௌபாய் படங்களில். ஜெய்சங்கர்கூட இடுப்பில் துப்பாக்கியுடன் குதிரையில் வந்து நம்மை மகிழ்வித்தவர்தான். ஆனால் உண்மையான கௌபாய் ஊர்கள் பலவற்றில், ஊருக்குள் நுழைந்ததும் ஆயுதத்தை ஒப்படைத்துவிட வேண்டும். அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் 1881 அக்டோபர் 26 அன்று நடந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டைக்கு உடனடிக் காரணமே, ஊருக்குள் ஆயுதம் ஏந்தக்கூடாது என்ற உள்ளூர்ச் சட்டத்தை அமலாக்கப் போனதுதான்.

அந்த நூற்றாண்டில் நியாயம் வேறு மாதிரி இருந்தது. வெளியே தெரியும்படி ஏந்துபவன் யோக்கியன், மறைத்து வைப்பவன் கோழை, கொலைகாரன் என்று கருதினார்கள். கென்டக்கி, லூசியானா மாநிலங்கள் 1813லேயே மறைத்து ஏந்துவதைத் தடை செய்தன. 1850ல் லூசியானா உச்ச நீதிமன்றமும், உரிமை என்பது வெளிப்படையாக ஏந்துவதற்குத்தான், மறைத்து ஏந்துவதற்கு அல்ல என்றே சொல்லியது. டெக்சாஸ் இன்னும் கடுமை. 1871ல், பயணிகள் முதலிய சில விலக்குகள் தவிர, பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஏந்துவதையே தடுத்துவிட்டது. இன்று துப்பாக்கிக்குப் பெயர்போன அந்த மாநிலத்தில் இந்தத் தடை ஏறத்தாழ 125 ஆண்டுகள் நீடித்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

அதை மாற்றியது ஒரு துயரம். 1991 அக்டோபர் 16 அன்று டெக்சாஸின் கில்லீன் நகரில் ஓர் உணவு விடுதிக்குள் பிக்கப் வண்டியை மோதி நுழைந்த ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே பெற்றோருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சுசானா ஹப் என்ற பெண்மணி. அவரிடம் ரிவால்வர் இருந்தது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து அதைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தாய், தந்தை இருவரையும் அன்று இழந்தார். அதன்பின் ஊர் ஊராகச் சென்று சாட்சியம் சொன்னார். 1995ல் சட்டம் நிறைவேறி, 1996 ஜனவரி முதல் உரிமத்துடன் மறைத்து ஏந்தலாம் என்று ஆனது. அந்த ஆண்டே அவர் மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதாவது, முன்பு கோழைத்தனம் என்று சொன்னது இப்போது நாகரிகம் ஆகிவிட்டது. அடுத்தவரைப் பயமுறுத்தாமல் மறைத்து வைத்துக்கொள் என்பது புது நியாயம். வெளியே தெரிய வைப்பது அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில்தான், அதுவும் உரிமம் உள்ளவருக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பி, சட்டப்படி தகுதியிழக்காத எவரும் உரிமமே இல்லாமல் இரண்டு விதத்திலும் ஏந்தலாம் என்று ஆயிற்று. 2024க்குள் இப்படி உரிமம் கேட்காத மாநிலங்கள் 29 ஆகிவிட்டன.

எதிர்த்திசையில் போன மாநிலமும் உண்டு. கலிபோர்னியாவில் 1967ல் கறுப்பினத்தவரின் பிளாக் பேந்தர் அமைப்பினர் குண்டு நிரப்பிய துப்பாக்கிகளை வெளிப்படையாக ஏந்தி, போலீசாரைக் கண்காணித்துச் சுற்றினார்கள். சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளும் ஏந்திச் சென்றார்கள். உடனே குண்டு நிரப்பி வெளியே ஏந்துவதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர், பின்னாளில் குடியரசுத் தலைவரான ரீகன். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பார்ப்பவருக்குப் பயம் வருகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டு பக்கத்து வாதங்கள்

வெளியே தெரிய வேண்டும் என்பவர்கள் சொல்வது இது. திருடன் பார்த்தவுடனே விலகிப் போவான். அவசரத்தில் சட்டையைத் தூக்கித் துழாவ வேண்டாம், கை உடனே போய்விடும். ஒளிவு மறைவும் இல்லை. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பார்க்கிறவன் எல்லோரும் விலகிப் போவதில்லை. முதலில் யாரைக் கவனிக்க வேண்டும் என்று கெட்டவனுக்கு அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பின்னாலிருந்து பிடுங்கவும் முடியும். அதனால்தான் போலீசாரின் உறையில் சுலபமாக உருவ முடியாதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். நான் கடைகளில் பார்த்த சிலரின் இடுப்பில் அப்படிப்பட்ட உறை இல்லை.

மறைக்க வேண்டும் என்பவர்கள் சொல்வது இது. யாரிடம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் திருடனுக்கு எல்லோரிடமும் பயம் இருக்கும். குழந்தைகளும் வயதானவர்களும் மிரள வேண்டாம். இதிலும் உண்மை உண்டு. 2019 டிசம்பர் 29 அன்று டெக்சாஸின் ஒயிட் செட்டில்மென்ட் என்ற ஊரில் ஒரு தேவாலயத்தில் ஒருவன் சுட ஆரம்பித்து இருவரைக் கொன்றான். ஆறு வினாடிகளுக்குள் அவனைச் சுட்டு வீழ்த்தியவர், ஆராதனைக்கு வந்திருந்த ஒரு பெரியவர். அவர் துப்பாக்கிப் பயிற்சி அளிப்பவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறைப்பதிலும் தொல்லை உண்டு. துணிக்கு மேல் வடிவம் புடைத்துத் தெரியக்கூடாது. உறை விசையை முழுக்க மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருவும்போதும் செருகும்போதும் துணியின் ஓரம் மாட்டினாலே போதும், வெடித்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மறதி. 2023ஆம் ஆண்டு அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் கைப்பைகளில் அகப்பட்ட துப்பாக்கிகள் 6,737. அதில் 93 சதவிகிதம் குண்டு நிரப்பியவை. பிடிபட்டவர்களில் பலரும் சொல்லும் பதில், பையில் இருப்பதே நினைவில்லை என்பதுதான். தினமும் சுமப்பது கண்ணாடிக் கூடுபோல ஆகிவிடுகிறது.

அடுத்தடுத்த இரண்டு நாட்கள்

எனக்கு இந்த விஷயத்தைத் தெளிவாக்கியவை 2016 ஜூலையில் அடுத்தடுத்த இரண்டு நாட்கள். ஜூலை 6 அன்று மின்னசோட்டா மாநிலத்தில் பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞரின் காரைப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். காஸ்டில் மறைத்து ஏந்த முறையான உரிமம் பெற்றவர். தம்மிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே முன்வந்து சொன்னார். சில வினாடிகளில் அவரைப் போலீஸ்காரர் சுட்டுவிட்டார். காரில் அவருடைய தோழியும் நான்கு வயதுச் சிறுமியும் இருந்தார்கள். காஸ்டில் இறந்துபோனார். மறு ஆண்டு அந்தப் போலீஸ்காரர் விடுதலையானார்.

மறுநாள், ஜூலை 7, டெக்சாஸின் டல்லஸ் நகரில் ஊர்வலம். அதில் சிலர் சட்டப்படியே ரைபிளைத் தோளில் வெளிப்படையாக மாட்டிக்கொண்டு நடந்தார்கள். திடீரென்று ஒருவன் மறைந்திருந்து சுட்டு ஐந்து போலீசாரைக் கொன்றான். அப்போது ஊர்வலத்தில் ரைபிளுடன் நடந்த ஒருவரின் படத்தைச் சந்தேக நபர் என்று போலீசார் வெளியிட்டுவிட்டார்கள். அவர் ஆயுதத்தை ஒப்படைத்து, தாம் குற்றவாளி அல்ல என்று நிரூபித்துத் தப்பினார்.

ஒருவர் மறைத்து வைத்திருந்தார், மற்றவர் வெளியே தெரிய வைத்திருந்தார். இருவரும் சட்டத்தை மீறவில்லை. எதிரே நிற்பவரின் பயம் அரை நொடியில் என்ன முடிவெடுக்கும் என்பதைச் சட்டப் புத்தகம் தீர்மானிப்பதில்லை. நம் தோலின் நிறத்தையும் பேச்சின் வாடையையும் வைத்து அந்நிய ஊரில் வாழ்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும்.

நம் ஊரில் எப்படி?

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அங்கே ஏந்துவது உரிமை என்ற நிலை. 2022ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமும், தற்காப்புக்காக வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி ஏந்தத் தனித் தேவையை நிரூபிக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் என்பது விண்ணப்பித்து, போலீஸ் விசாரணை முடிந்து, அதிகாரி மனம் வைத்தால் கிடைப்பது. தேர்தல் வந்தால் அதையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் வைத்து, முழுவதும் மூடித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் காட்டி ஆட்டக்கூடாது. அதாவது விதிப்படி நம் நாட்டில் மறைத்து ஏந்துவது ஒன்றுதான் உண்டு. ஆனால் நம் உத்தரப் பிரதேசத்தில் நடப்பதை நான் சொல்ல வேண்டுமா? குர்தாவைச் சற்றே ஒதுக்கி, பிடி மட்டும் தெரியும்படி உட்காருகிற பெரிய மனிதர்களை நாம் பார்த்ததில்லையா? மறைத்ததுபோலக் காட்டுவது என்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு.

பராத்தில் வானத்தை நோக்கிச் சுட்ட குண்டு கீழேதான் வர வேண்டும். மாடியில் நின்று வேடிக்கை பார்த்த பெண்களும் குழந்தைகளும் மாண்ட செய்திகள் வந்த பிறகுதான், 2019ல் சட்டத்தைத் திருத்தி, பிறர் உயிருக்கு ஆபத்தாகக் கொண்டாட்டத்தில் சுடுபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று வைத்தார்கள்.

நான் சொன்ன பதில்

பத்தாம் நாள் மாப்பிள்ளையிடம் இவ்வளவும் சொன்னேன். பிறகு கேட்டேன்: "வெளியில தெரியணுமா, மறைச்சு வைக்கணுமாங்கறது நீங்க வெளியில இருக்கற நேரத்துக் கேள்வி, மாப்பிள்ளை. ஆபீசுக்குள்ள விட மாட்டான்னா கார்லதான் வைக்கணும். கார்க் கண்ணாடியை உடைச்சா அது திருடன் கைக்குப் போகும். வீட்டுக்கு வந்து இடுப்பிலேர்ந்து எடுத்து எங்க வைப்பீங்க? இவன் உங்க பையில சூயிங்கம் தேடறானே, அந்தப் பையிலயா?"

அவர் பேசவில்லை. மகள்தான் பேசினாள். "இவர் ராத்திரி வரும்போது எனக்குப் பயமா இல்லைன்னு நினைக்கறீங்களா? இருக்கு. ஆனா எனக்கு ரெண்டு பயம் வேண்டாம்" என்றாள்.

நான் இன்னொன்றும் சொன்னேன். 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். வழிப்பறிக்காரனுக்காக வாங்குகிற ஆயுதம், நம் வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருக்கும் இரவிலும் அங்கேதான் இருக்கும். எத்தனை பாரத்தில் விசை இறங்கும் என்று 31 ஆண்டுகள் பார்த்தவன் நான். இழுப்பது யார் விரல் என்று அதற்குத் தெரியாது.

என் யோசனை முழுவதும் ஏற்கப்படவில்லை. பாதி ஏற்கப்பட்டது. நாங்கள் திரும்பிய பிறகு மாப்பிள்ளை ஒன்று வாங்கினார். ஆனால் ஏந்திச் செல்வதில்லை. எண்பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் குண்டில்லாமல் இருக்கிறது, தோட்டாக்கள் வேறொரு பூட்டில். இரவு வேலை நாட்களில் இரண்டு நண்பர்களாகச் சேர்ந்து கார் வரை நடந்து வருகிறார்களாம். மகளுக்கு அதில் ஓரளவு திருப்தி. எனக்கும் அப்படித்தான் என்று சொல்லிக்கொள்கிறேன்.

பிள்ளைகள் அங்கே இருப்பவர்களுக்கு

கடைசியாக, அன்பர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எழுதும்போதோ பேசும்போதோ சொல்ல வேண்டியவை.

ஒன்று: சுற்றுலா விசாவில் போகும் நம்மைப் போன்றவர்களும், மாணவர் விசா, எச்1பி விசாவில் இருப்பவர்களும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அந்நாட்டு மத்திய சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் முதலிய சில விலக்குகள்தான் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு, சுடும் பயிற்சிக் களத்துக்கு வாருங்கள் என்று என்னை அழைத்தார். நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். நீங்களும் மறுத்துவிடுங்கள்.

இரண்டு: காரைப் போலீசார் நிறுத்தினால், இரண்டு கைகளும் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி இருக்கட்டும். கேட்பதற்கு முன் காகிதத்துக்காகக் குனிந்து துழாவக்கூடாது.

மூன்று: குழந்தையை விளையாட வேறு வீட்டுக்கு அனுப்பும் முன், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். நம்மவர் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். நாய் இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான். என் மகள் இப்போது கேட்கிறாள். ஒரு தாய் கோபித்துக்கொண்டாளாம். மற்ற எல்லோரும் பதில் சொன்னார்கள், ஒருத்தி திருப்பிக் கேட்டாள்: "உங்கள் வீட்டில்?"

மகள் சொன்னாளாம்: "இருக்கிறது. பூட்டியிருக்கிறது."